மாண்டரின் கார்னெட் விலையில் கோமேதகம்: ஆரஞ்சுக் கல் வாங்குவோர் கவனத்துக்கு

ஆரஞ்சு நிறக் கார்னெட் வாங்கப் போகிறீர்களா? பில்லில் "நேச்சுரல் கார்னெட்" என்று மட்டும் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். சென்னையில் ஓரளவு பெரிய நகைக்கடை ஒன்றில், தங்கைக்கு டாலர் செய்ய 4 காரட் கல்லுக்கு 32,000 ரூபாய் கொடுத்தேன். மாண்டரின் கார்னெட், அதாவது ஸ்பெசார்டைட், நமீபியாச் சரக்கு என்று சொல்லி விற்றார்கள். ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் ஹெஸ்ஸோனைட் என்று அறிக்கை வருகிறது. நாம் கோமேதகம் என்கிறோமே, அதுதான். அதே கடையின் ராசிக்கல் தட்டில் காரட் 1,200 ரூபாய்.

கேட்கப் போனால் மேலாளர் அசரவே இல்லை. "பில்லைப் பாருங்க சார், கார்னெட்னுதான் போட்டிருக்கு. கார்னெட்தான் குடுத்திருக்கோம். டூப்ளிகேட்னு எந்த லேப்லயாவது சொல்லட்டும், பார்ப்போம்."

எந்த லேபிலும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. பைரோப், அல்மண்டைன், ஸ்பெசார்டைன், கிராசுலர், ஆண்ட்ரடைட், உவரோவைட் எல்லாவற்றுக்கும் கார்னெட் என்றுதான் பெயர். கடைக்காரர் ஸ்பெசார்டைட் என்பதும் ஆய்வறிக்கை ஸ்பெசார்டைன் என்பதும் ஒரே கல். அது மாங்கனீசு கார்னெட். ஹெஸ்ஸோனைட் கிராசுலர் வகை, கால்சியம் கார்னெட். நல்ல ஆரஞ்சில் வந்துவிட்டால் வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பத்து மடங்கு லென்ஸ் கேட்டு வாங்கிக் கல்லின் உள்ளே பாருங்கள். ஹெஸ்ஸோனைட்டில் பெரும்பாலும் வெல்லப்பாகு தண்ணீரில் கரைகிற மாதிரி ஒரு கலங்கல் நெளியும். ஸ்பெசார்டைனில் அது இருக்காது. கலங்கல் தெரியவில்லை என்பதற்காக ஸ்பெசார்டைன் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். அடுத்து, சின்ன நியோடிமியம் காந்தம். மாங்கனீசு நிறைந்திருப்பதால் ஸ்பெசார்டைன் நன்றாகவே இழுபடும், சிறிய கல் ஒட்டிக்கொண்டே வரும். ஹெஸ்ஸோனைட் லேசாக அசைந்தால் உண்டு.

எனக்குச் சந்தேகம் தீர்ந்தது எடையில். ஸ்பெசார்டைனின் அடர்த்தி எண் 4.15 அளவில், ஹெஸ்ஸோனைட்டுக்கு 3.65. காரட் தராசில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 4 காரட் ஸ்பெசார்டைன் 3.04 காட்ட வேண்டும். என்னுடையது 2.90 காட்டியது. நகையில் பதித்துவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியில்லை, அதனால் உதிரிக்கல்லாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒளிவிலகல் எண்ணும் பார்ப்பார்கள்: ஹெஸ்ஸோனைட் 1.74 பக்கம், ஸ்பெசார்டைன் 1.80 பக்கம்.

பணம் போனதைவிட வீட்டில் பெரிய கலவரம் வேறு. கோமேதகம் ராகுவின் கல்லாம், ஜாதகம் பார்க்காமல் போடவே கூடாதாம். தங்கையின் மாமியார் அந்தக் கல்லைக் கையால் தொடவும் மறுத்துவிட்டார்! எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்புகிறவர் கழுத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அதை மாட்டிவிட இவர்கள் யார்?

பச்சையிலும் இதே கதை நடக்கலாம். சாவரைட் என்பது கிராசுலர், டிமாண்டாய்ட் என்பது ஆண்ட்ரடைட், இரண்டும் விலை உயர்ந்தவை. வெறுமனே "பச்சைக் கார்னெட்" என்று எழுதினால் எதையும் அதில் நுழைத்துவிடலாம். ரோடோலைட் என்ற கார்னெட்டைக் கேட்டவருக்கு ரோடோனைட்டை நீட்டினால் இன்னும் மோசம், அது கார்னெட்டே கிடையாது.

25 சதவீதம் கழித்துக்கொண்டு வேறு நகை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. என் கையில் உள்ள வலுவான ஆதாரம் பில் அல்ல, பில் போடுவதற்கு முன்னால் விற்பனையாளர் "மாண்டரின் 4 ct" என்று கைப்பட எழுதித் தந்த எஸ்டிமேட் சீட்டு. பில் போட்டதும் அதைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள். குறைந்தபட்சம் போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.