ஹாஸ்டல் வைஃபையோடு நான்கு வருஷம்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பேர் வேண்டாம், அங்கே இன்னும் ஜூனியர்கள் படிக்கிறார்கள். யூடியூப் வராது, கேம் வராது என்பதெல்லாம் சேரும்போதே தெரிந்ததுதான். அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. என்னைப் படுத்தியது, தடுத்திருப்பதையே சொல்லாமல் தடுப்பது.

முதல் வருஷம், புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்துக்கு ஒரு ப்ராஜெக்ட்டை ஏற்றப் பார்த்தேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை, கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக என்னை அடையாளம் காட்டும் கீயில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று முறை புதிதாக உருவாக்கி ஒரு ராத்திரியையே தொலைத்தேன். மறுநாள் ஒரு சீனியர் அண்ணா வந்து, "மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாருடா" என்றார், உடனே ஏறிவிட்டது. கிட்ஹப்போடு பாதுகாப்பாகப் பேச நான் பயன்படுத்திய எஸ்எஸ்ஹெச் என்ற முறை போகும் வாசலான போர்ட் 22-ஐ மூடி வைத்திருக்கிறார்கள். நெட்வொர்க்கின் காவல்காரனான ஃபயர்வால் 'முடியாது' என்று திருப்பி அனுப்பினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இவர்கள் வந்ததைச் சத்தமில்லாமல் கீழே போடும்படி வைத்திருந்தார்கள், அதனால் நம் பக்கம் பதிலுக்குக் காத்துக்கொண்டே கிடக்கும். எஸ்எஸ்ஹெச்சுக்கு கிட்ஹப், வெப்சைட்டுகள் வரும் போர்ட் 443-லும் ஒரு வாசல் வைத்திருக்கிறது, கான்ஃபிக் ஃபைலில் மூன்று வரி சேர்த்தால் போதும். இரண்டு வருஷம் அதில்தான் ஓட்டினேன்.

மூன்றாம் வருஷம் புது ஃபயர்வால் வந்தது. வெப்சைட்டுகள் பூட்டி அனுப்பும் ஹெச்டிடிபிஎஸ்ஸையே நடுவில் பிரித்துப் பார்க்கிற ரகம், அதற்கு 'இந்த ஃபயர்வாலை நம்பு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், காலேஜ் கொடுத்த ரூட் சான்றிதழை எல்லோரும் இன்ஸ்டால் செய்ய வேண்டும். என் 443 வாசலும் அன்றோடு போச்சு. சரி, ஏற்றும் வேலையைச் செய்யும் கிட் என்ற புரோகிராமை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றலாம் என்றால், கிட்ஹப் அதில் பாஸ்வேர்டை 2021 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது, அதற்குப் பதிலாக டோக்கன் என்ற ரகசியக் குறியீடு எடுக்க வேண்டும். எடுத்தேன். அப்புறம் பார்த்தால் பிரவுசர் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது, பைத்தான் லைப்ரரிகளை இறக்கும் பிப்பும் கிட்டும் சான்றிதழ் சரியில்லை என்று கத்துகின்றன. பாதிப் பேர் சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிட்டார்கள், அதைச் செய்யாதீர்கள். அந்தச் சான்றிதழ் ஃபைல் எங்கே இருக்கிறது என்று இரண்டுக்கும் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டில் இந்த வைத்தியமும் எடுபடாது, 7-ஆம் பதிப்பிலிருந்து நாம் சேர்க்கிற சான்றிதழைப் பெரும்பாலான ஆப்கள் மதிப்பதில்லை. பேங்க் வேலை எல்லாவற்றுக்கும் கடைசி வரை என் மொபைல் டேட்டாதான்.

ஒரு சின்ன விஷயம்: போனின் மேக்கை, அதாவது அதன் நெட்வொர்க் அடையாள எண்ணை, பதிவு செய்தும் வைஃபை சேர்க்க மறுத்தால், அந்த நெட்வொர்க்கின் செட்டிங்கில் ரேண்டம் மேக் என்று இருப்பதை போனின் சொந்த மேக்குக்கு மாற்றுங்கள். இதற்காகவே எங்கள் மாடியில் பாதிப் பேர் சிஸ்டம் அட்மின் அறை வாசலில் நின்றார்கள்.

தடையைச் சுற்றிப் போக, நாம் அனுப்புவதையெல்லாம் வேறொரு கம்பெனி வழியாகக் கொண்டுபோகும் இலவச விபிஎன்னா? நானும் போட்டேன். இரண்டு வாரம் ஓடியது, பிறகு அதையும் பிடித்துவிட்டார்கள், என் ரூம்மேட்டின் லாகின் ஒரு வாரம் முடங்கி மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். காலேஜ் பார்க்கக் கூடாது என்று முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டியிருக்கிறோம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

கடைசியில் உருப்படியாக வேலை செய்தது கேட்டு வாங்குவதுதான், அதையும் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். 'நெட் வரவில்லை' என்று நான் எழுதிய முதல் இரண்டு கடிதங்களுக்கும் பதிலே இல்லை. நேரில் போனபோது அட்மின் சார், "தம்பி, எதைத் திறக்கணும்னு எழுதாம நான் எதைத் திறக்கிறது?" என்றார். நியாயம்தான். அடுத்த கடிதத்தில் எந்த டொமைன் (தளத்தின் முகவரி), எந்த போர்ட், எந்தப் பாடத்துக்கு என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டும் துறைத் தலைவர் (ஹெச்ஓடி) கையெழுத்தும் வைத்தேன். இரண்டே நாளில் திறந்தார்கள்.

ராத்திரி 11 மணிக்கு மொத்தமாக அணைப்பதற்கு மட்டும் எந்தக் கடிதமும் பலிக்கவில்லை. பத்தரைக்கே டாக்குமென்டேஷனையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்வேன், அப்படியும் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும்.