சீட்டு மேஜிக் கத்துக்க புக்கா, வீடியோவா? ரெண்டு வருஷம் ரெண்டையும் வச்சு பழகினதுல தெரிஞ்சது

ரெண்டு வருஷமா சீட்டு மேஜிக் பழகிட்டு இருக்கேன், தினமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் முக்கால் மணி நேரம். முதல் ஆறு மாசம் வீடியோ மட்டும்தான். அதுக்கப்புறம்தான் 'தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்' புக் வாங்கினேன், ஜீன் ஹியூகார்டும் ஃப்ரெடரிக் பிராவும் சேர்ந்து எழுதினது, 1940கள்ல வந்த புக், இன்னும் அச்சுல இருக்கு. எதுல ஆரம்பிக்கறதுன்னு யார் கேட்டாலும் இந்த புக்கைத்தான் சொல்லுவேன், ஆனா வீடியோவை தூக்கிப் போட்டுடாதீங்க, அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு, அது எந்த இடம்னு தெரியாமதான் நான் அந்த ஆறு மாசத்தை விட்டேன்.

அந்த ஆறு மாசத்துல ஒரு நாப்பது ட்ரிக் பார்த்திருப்பேன். எல்லாமே தெரியும், எதுவும் செய்ய வராது. பொங்கல் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போனப்ப அக்கா பொண்ணுகிட்ட ஒண்ணு செஞ்சு காட்டினேன், அவ நல்லா பார்த்துட்டு "மாமா, சீட்டை என்கிட்ட குடுங்க, நான் கலைச்சுத் தரேன், அப்புறம் செய்யுங்க"ன்னா. அவ்வளவுதான், ட்ரிக் அங்கயே நின்னு போச்சு, ஏன்னா வீடியோல அந்த ஆள் எந்த வரிசையில செஞ்சாரோ அது மட்டும்தான் எனக்குத் தெரியும், நடுவுல ஒருத்தர் கை வச்சா அடுத்து என்ன செய்யணும்னு தெரியாது. நிறைய வீடியோ ட்ரிக்கைத்தான் சொல்லித் தருது, அந்த ட்ரிக்குக்குள்ள இருக்கற கைவேலையை தனியா எடுத்து பழக்கித் தரது இல்ல. ஒண்ணு முடிஞ்ச உடனே அடுத்தது தானா ஓட ஆரம்பிச்சுடும், கையில சீட்டை எடுக்கறதுக்கு முன்னாடியே அடுத்த ரகசியம் வந்துடும்.

இந்த புக் அப்படியே தலைகீழ். முதல் அத்தியாயம் முழுக்க ஓவர்ஹேண்ட் ஷஃபிள் மட்டும்தான், சீட்டு கலைக்கறது. ஒரு குறிப்பிட்ட சீட்டை கலைச்சுகிட்டே மேலயே நிறுத்தி வைக்கறது, அடிக்கு கொண்டு போறது, திரும்ப மேல கொண்டு வரது, இவ்வளவுதான் பாடம். பாடம் முடிஞ்ச உடனே அந்த ஒரு வித்தையை மட்டும் வச்சு செய்யற மாதிரி சில ட்ரிக் குடுத்திருக்காங்க. அடுத்த அத்தியாயத்துல ரிஃபிள் ஷஃபிள், அதாவது சீட்டுக்கட்டை ரெண்டா பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு விழற மாதிரி கலைக்கறது, அதுக்கு தனியா சில ட்ரிக். இப்படியே படிப்படியா போகும். முதல் அத்தியாயத்துக்கே எனக்கு ஏழு வாரம் ஆச்சு, ஆனா அது முடிஞ்சப்ப யார் நடுவுல கை வச்சாலும் சமாளிக்கற தைரியம் வந்துடுச்சு.

ஹியூகார்டுக்கு கடைசிக் காலத்துல கண் பார்வை போயிடுச்சு, அப்பவும் மேஜிக் பத்தி எழுதறதை அவர் விடலை. இதை தெரிஞ்சுகிட்ட பிறகு அந்த புக்கை திரும்ப எடுத்தப்ப எனக்கு வேற மாதிரி இருந்துச்சு. விரல் எங்க இருக்கணும், எவ்வளவு அழுத்தணும்னு வார்த்தையால சொல்லறதுல அப்படி ஒரு பொறுமை அதுல இருக்கு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான். அவன் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு, ரெண்டு கையிலயும் சீட்டு இருக்கறப்ப பக்கத்தை யார் திருப்பறது? வரியைப் படிச்சு, புக்கை வச்சு, சீட்டை எடுத்து, பாதியில மறந்து, திரும்ப புக்கை எடுத்து, இதுலயே முதல் வாரம் போச்சு. அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அந்தப் பகுதியை நானே தமிழ்ல மெதுவா சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டேன், "இடது கட்டைவிரல் மேல் சீட்டை இழுக்குது, அடுத்த சீட்டை அரை விரல் அளவு உன் பக்கமா தள்ளி விடு"ன்னு நானே சொல்ல நானே கேட்டு செய்வேன். பழைய காலத்து இங்கிலீஷ், வாக்கியம் நீளமா போகும், அதை தமிழ்ல சொல்லறதுக்கே புரிஞ்சாகணும் இல்ல, பாதி பாடம் அங்கயே முடிஞ்சுடும்.

இப்ப புக் கைவிட்ட இடத்துக்கு வரேன். டபுள் லிஃப்ட்னு ஒரு வித்தை இருக்கு, பேருலயே விஷயம் இருக்கு, அதுக்கு மேல சொல்லலை. புக்ல இருந்ததை வரி விடாம செஞ்சேன், மூணு மாசம், கண்ணாடி முன்னாடி. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா பார்க்கறவங்க ஒவ்வொரு தடவையும் "என்னமோ பண்ணிட்டே"ன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஒரு அனுபவஸ்தர் செய்யற வீடியோவை பாதி ஸ்பீடுல வச்சு பார்த்தேன். சீட்டை திருப்பறதுக்கு ரொம்ப முன்னாடியே, பேசிட்டே, சீட்டுக்கட்டை ஓரம் தட்டி ஒழுங்கு பண்ற மாதிரி அவர் விரல் தயாராயிடுச்சு. திருப்பற நேரத்துல அவர் கை ஒண்ணுமே செய்யலை. நான் அந்த ரெண்டையும் ஒரே மூச்சுல செஞ்சுட்டு இருந்திருக்கேன். புக்ல இருக்கற படத்துல விரல் இருக்கற இடம்தான் தெரியும், எப்ப போச்சுங்கறது தெரியாது. பத்து செகண்ட்ல மூணு மாச சிக்கல் தீர்ந்துச்சு, அதுக்காக வீடியோவுக்கு கையெடுத்து கும்பிடலாம். ஆனா அந்த மூணு மாசம் இல்லாம அந்த பத்து செகண்டை பார்த்திருந்தா எனக்கு அதுல எதுவுமே கண்ணுல பட்டிருக்காது.

காசு குடுத்து ஒரு வீடியோ கோர்ஸும் வாங்கினேன், பேர் வேண்டாம். முக்கியமான இடம் வரப்ப எல்லாம் கேமரா அவர் முகத்துக்குப் போயிடும். எதிர்ல உட்கார்ந்து சொல்லித் தரதால அவர் வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும், மனசுக்குள்ள மாத்தி மாத்தியே தலை வலிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி செய்யறவர் தோளுக்கு மேல இருந்து எடுத்த காட்சி இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா விட்டுடுங்க.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது. ஓவர்ஹேண்ட் ஷஃபிள்னா கட்டை நீளவாக்குல நிமித்திப் பிடிச்சு கட்டைவிரலால கொஞ்சம் கொஞ்சமா இழுத்து விடறது, வெளிநாட்டுல அது சாதாரணம். நம்ம வீட்டுல ரம்மி ஆடற யாரும் பெரும்பாலும் அப்படி கலைக்க மாட்டாங்க, கட்டை படுக்க வச்சு அடியில இருந்து கத்தையா உருவி மேல மேல போடுவாங்க. நான் புக் சொன்னபடி கலைச்சப்ப பெரியப்பா உடனே கேட்டார், "என்னடா இது புதுசா கலைக்கறே?" கலைக்கறதுலயே சந்தேகம் வந்துட்டா அப்புறம் ஆர்ட்டின் ராணியை எங்க இருந்து எடுத்துக் காட்டினாலும் பிரயோஜனம் இல்ல. அதே புக்ல பின்னாடி ஒரு அத்தியாயம் இருக்கு, ஹிந்து ஷஃபிள்னே பேரு. படிச்சா நம்ம ரம்மி கலைப்பு! அங்க அது கடைசிப் பக்கமா வர பாடம், நம்ம கைக்கு சின்ன வயசுலயே வந்த பழக்கம். நம்ம ஊர்ல காட்டப் போறவங்க முதல் அத்தியாயம் முடிஞ்ச கையோட அதுக்குத் தாவிடுங்கன்னு சொல்லுவேன்.

இப்ப அடுத்ததா காசு வச்சு செய்யற மேஜிக்குக்கு ஜே.பி. போபோ எழுதின 'மாடர்ன் காயின் மேஜிக்' எடுத்திருக்கேன், 1952ல வந்தது. அதுல சொல்ற அமெரிக்க அரை டாலர் காசோட விட்டம் 30.6 மில்லிமீட்டர், நம்ம பத்து ரூபா காசு 27. உள்ளங்கையில பிடிச்சு வைக்கறதுக்கு அந்த மூணரை மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம், சுண்டுவிரல் பக்கமா வழுக்கி விழுந்துட்டே இருக்கு. பிடியை கொஞ்சம் கட்டைவிரல் பக்கமா நகர்த்தி வச்சா நிக்குது, நேத்து ராத்திரி தொடர்ந்து இருபது தடவை நின்னுச்சு. இதுக்கு இன்னும் வீடியோ பார்க்கலை, இன்னும் ஒரு மாசம் கழிச்சுத்தான்.