தக்காளிக்குத் தண்ணீர்: நாள் கணக்கா, மண் ஈரமா, ஆவியாதல் கணக்கா?

நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை என்பது ஒட்டன்சத்திரம், பாலக்கோடு போன்ற தக்காளி வட்டாரங்களில் வாய்க்கால் பாசனத்தோடு வேரூன்றிய நாள் கணக்கு. ஒரே கிணற்றில் பங்காளிகள் முறை வைத்து இறைக்கும் இடத்தில் இதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் பங்குனி வெயிலுக்கும் ஐப்பசி மூட்டத்துக்கும் ஒரே இடைவெளி பொருந்தாது. வாரக் கடைசியில் வாடி, மறுநாளே மடை நிறையக் குடித்த செடியில் காயின் தோல் வெடிக்கிறது. நீரோட்டம் சீராக இல்லாததால் கால்சியம் காயின் நுனிவரை சேராமல் அடிப்பகுதி கருகி அழுகுகிறது. மண்ணில் கால்சியம் போதுமான அளவு இருக்கும்போதே இது நேர்கிறது என்பதை அறியாமல் உரக்கடைக்குச் செலவழிப்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

மண்ணைப் பார்த்துப் பாய்ச்சுவது இரண்டாவது வழி. வேர் பரவியுள்ள ஒரு சாண் ஆழத்தில் கைப்பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடித்தால், உருண்டை உடையாமல் நிற்கும்வரை பொறுக்கலாம்; பிடிக்கும்போதே உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். கைக்கு மாறாக, மண் நீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைச் சென்டிபார் அலகில் காட்டும் டென்சியோமீட்டர் வைத்தால் (மண் காயக் காய முள் ஏறும்), மணல் கலந்த செம்மண்ணில் முள் 20 முதல் 30 சென்டிபாருக்குள் வரும்போது தண்ணீர் திறக்கலாம். அதன் பீங்கான் முனை மண்ணோடு நன்கு ஒட்டியிராவிட்டால் அளவீடு பொய்யாகும். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டி இன்னும் எளிது: நீல விளக்கு எரிந்தால் ஈரம் மிகுதி, சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். இவை எப்போது பாய்ச்சுவது என்பதைத் தெளிவாகச் சொல்கின்றன. எவ்வளவு என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

அந்த அளவைத் தருவது ஆவியாதல் கணக்கு. வெயிலில் திறந்து வைத்து நீர் ஆவியாவதை அளக்கும் ஆவிமானித் தொட்டியில் ஒரு நாளில் 7 மி.மீ. நீர் குறைந்தால், தொட்டி அளவைத் திருத்தும் தொட்டிக் காரணி 0.7, பயிரின் தேவையைக் குறிக்கும் பயிர்க் காரணி (காய்க்கும் பருவத் தக்காளிக்கு 1.15) ஆகியவற்றால் பெருக்க ஏறத்தாழ 5.6 மி.மீ. வரும், ஏக்கருக்கு அது சுமார் 22,800 லிட்டர். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் பக்கக் குழாயும், 60 செ.மீ.க்கு ஒன்றாக மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானும் உள்ள வயலில் இதற்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். தொட்டி 3 மி.மீ. மட்டும் காட்டும் மூட்டமான நாளில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நட்ட புதிதில் பயிர்க் காரணி 0.6 அளவில்தான் இருக்கும்.

சொட்டுநீர் அமைத்தவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைத்துக்கொள்வதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பூவெடுக்கும் நாள் தொடங்கிக் காய் பருக்கும் நாள்வரை, தொட்டிக் கணக்குப்படி மோட்டாரை ஓட்டி, மறுநாள் காலை முள் 20-க்குக் கீழேயே நின்றால் கால் மணி நேரம் குறைத்தும், 30-ஐத் தாண்டியிருந்தால் அதே அளவு கூட்டியும் வரலாம்.