சரிவக மேசை: எந்த வகுப்பறைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

பள்ளி மேசை நாற்காலி செய்து தரும் பலரிடமும் இப்போது சரிவக மேசை கிடைக்கிறது. ஒரு பக்கம் 1200 மி.மீ., மற்ற மூன்று பக்கங்களும் 600 மி.மீ. இரண்டு மேசைகளின் நீளப் பக்கங்களை ஒட்டிப் போட்டால் ஒழுங்கு அறுகோணம் வந்துவிடும். ஆறு பேர் சுற்றி உட்காரலாம். ஆளுக்கு 600 மி.மீ., யாருக்கும் ஓர் அங்குலம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. முன் பெஞ்ச், கடைசி பெஞ்ச் என்ற பேச்சே இதில் எழாது. இடதுகைப் பிள்ளையின் முழங்கை அடுத்தவர் மேல் இடிப்பதும் வெகுவாகக் குறையும்.

எங்களுக்கு இந்த மேசை பிடித்திருப்பதற்குக் காரணம் அந்தச் சமம்தான். பெஞ்சில் அவரவர் விருப்பப்படி உட்காரவிட்டால், ஊரில் எந்தத் தெருவோ அந்தத் தெரு வகுப்பிலும் ஒரு பெஞ்சாகிவிடுகிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. சரியான யோசனை. ஆனால் வரிசையில் முதல் ஆறு பேரை முதல் குழுவில், அடுத்த ஆறு பேரை இரண்டாவதில் என்று நிரப்பாதீர்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் சில நேரம் ஒரே மதத்தையோ சமூகத்தையோ சேர்ந்தவையாக இருக்கும். ஐந்து குழு என்றால் அகரவரிசைப் பட்டியலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, மறுபடி ஒன்று என்று எண் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பெயர்கள் பிரிந்துவிடும். பிறகு ஒரே ஒரு திருத்தம்: ஐந்து பையன்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண், ஐந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு ஒடியா பேசும் பிள்ளை (திருப்பூர்ப் பக்கம் இது சகஜம்) என்று வந்தால், குறைந்தது இருவராவது இருக்கும்படி மாற்றுங்கள். தனியாக மாட்டிய பிள்ளை வாயே திறக்காது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்துப் போடுவது போதும். வாராவாரம் மாற்றினால் பழக்கமே உண்டாகாது.

மேசை வாங்கிப் போட்டதும் பிள்ளைகள் கலந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1954-இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இன்றும் பொருந்துகின்றன: சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, மேலிருப்பவர்களின் ஆதரவு. மேசை தருவது முதலாவதை மட்டும், அதுவும் உட்காரும் நேரத்துக்கு மட்டும். மற்றவை பாடத்திலிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் வர வேண்டும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுச் சண்டை மூண்டபோது உளவியலாளர் எலியட் அரான்சன் செய்ததை எடுத்துக்கொள்ளலாம். பாடத்தை ஐந்தாறு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒருவர் சொல்வதைக் கேட்காவிட்டால் மற்றவர்களுக்குத் தேர்வில் அந்தப் பகுதி போய்விடும். இந்த முறைக்கு ஆறு பேர் அறுகோணம் அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. ஆசிரியர் நின்று சொற்பொழிவு மட்டுமே ஆற்றும் வகுப்புக்கு இது வீண் செலவு.

இனி இடக்கணக்கு. பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். அறுகோணத்தின் குறுக்களவு 1200 மி.மீ. நாற்காலியை இழுத்து எழ, சுற்றிலும் 750 மி.மீ. வேண்டும். ஆக ஒரு குழுவுக்கு 2700 மி.மீ. 20-க்கு 20 அடி அறையில் நான்கு குழு, 24 பேர். அதற்கு மேல் நெருக்கினால் ஆசிரியர் உள்ளே நடக்க முடியாது. 20-க்கு 30 அடியில் ஆறு குழு, 36 பேர். சின்ன அறையில் 40 பேரை வைத்திருக்கும் பள்ளி இதை வாங்கவே கூடாது.

அடுத்தது கரும்பலகை. 2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை ‘ப’ வடிவ இருக்கையை அறிவித்தபோது கழுத்து வலி பற்றித்தான் முதலில் கேள்வி எழுந்தது. பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. அறுகோணத்திலும் அந்தக் கேள்வி நியாயமானது. அறுகோணத்தின் பக்கம் பலகையைப் பார்த்திருந்தால் மூன்று பேர் நாற்காலியைத் திருப்பித்தான் பார்க்க முடியும். முனை பலகையைப் பார்த்திருந்தால் அது இரண்டு பேராகக் குறையும். இன்னும் இருவர் பக்கவாட்டில் திரும்பினால் போதும். எனவே முனையைப் பலகைப் பக்கம் வையுங்கள். மேசையோடு பொருத்திய இருக்கை வேண்டாம், தனி நாற்காலியாக வாங்குங்கள்.

உயரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பிய இ.என். 1729 தரப்படி 133 முதல் 159 செ.மீ. உயரப் பிள்ளைக்கு மேசை 640, இருக்கை 380 மி.மீ.; 146 முதல் 176.5 செ.மீ. வரை 710, 430. ஒரே வகுப்புக்கு இரண்டு உயரத்தில் மேசை வாங்கினால் அவை ஒன்றோடொன்று சேராது. உயரமானவர்கள் ஒரு பக்கம், குட்டையானவர்கள் ஒரு பக்கம் என்று பழைய வரிசை திரும்பிவிடும். மேசை ஒரே உயரத்தில் இருக்கட்டும். மிகக் குட்டையான பிள்ளைகளுக்குச் சற்று உயர்ந்த நாற்காலியும் காலுக்குக் கட்டையும் கொடுங்கள்.

செய்நேர்த்தியில் பார்க்க வேண்டியவை: மேசைப் பலகை 18 மி.மீ. பிளைவுட், மேலே லேமினேட், ஓரத்தில் 2 மி.மீ. பிவிசி பட்டை. பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் தரை கழுவும் தண்ணீர் தெறித்தே ஓரம் ஊதிவிடும். மேசைக் கால்களை மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூலையிலேயே வைத்தால் இணைப்பில் இரண்டு கால் சேர்ந்து முழங்காலை இடிக்கும். கோணம் சரியாக 60 பாகை இல்லாவிட்டால் சந்தில் பென்சில் விழும். முழு ஆர்டர் கொடுக்கும் முன் நான்கு மேசை வரவழைத்து மாற்றி மாற்றிச் சேர்த்துப் பாருங்கள். சக்கர நாற்காலி 600 மி.மீ. பக்கத்தில் நுழையாது, அந்தக் குழந்தை இருக்கும் குழுவுக்கு மூன்று மேசையை அரைவட்டமாக விரித்து, வெளிப்புற 1200 மி.மீ. பக்கம் ஒன்றை முழுதாக விட வேண்டும்.

பெரிய குறை தேர்வு நாளில் தெரியும். எல்லாரும் முன்னே பார்த்து உட்கார்ந்தால் மேசைக்கு இருவர்தான். 30 பேருக்கு வகுப்பில் 10 மேசை போதும், தேர்வில் 15 வேண்டும். இரண்டு வகுப்புக்கு 25 மேசையாக வாங்கி, வெவ்வேறு நாளில் தேர்வு வைத்துச் சமாளிக்கலாம்.

இருவர் உட்காரும் டூயல் டெஸ்க்கில் இருக்கும் பை வைக்கும் அடித்தட்டு இதில் இல்லை. சுவரோரம் திறந்த அலமாரி போடாவிட்டால் பைகள் நடைபாதையில் கிடந்து தடுக்கும். அலமாரிக்கும், மேசைக் காலடியிலிருந்து கழன்று விழும் ரப்பர் புஷ்களுக்குப் பத்து சதவீதம் உதிரிக்கும் சேர்த்தே விலை கேளுங்கள்.