28 வெள்ளி கேமராவா, 75 வெள்ளி கேமராவா?

அம்மாவுக்கு முழங்கால் வலி. பகலில் சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் அவரும் பணிப்பெண்ணும் மட்டும்தான். கூடத்தில் ஒரு கேமரா வைக்கலாம் என்று தேடியதில் இரண்டு மிஞ்சின.

முதலாவது இணையக் கடையில் 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பிளக்கில் சொருகி, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஐந்தே நிமிடம், அலுவலகத்தில் இருந்தபடி கூடத்தைப் பார்க்கலாம். ஆனால் பதிவெல்லாம் நிறுவனத்தின் சர்வரில். செயலி கைபேசி எண்ணைக் கேட்டது, சரி. என் தொடர்புப் பட்டியல் அதற்கு எதற்கு?

இரண்டாவது சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் 75 வெள்ளி, மெமரி கார்டு தனி. பதிவு கார்டிலேயே இருக்கும், கணக்குத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்க்க ரூட்டரில் விபிஎன், அதாவது வீட்டு இணையத்துக்குள் நுழைய ஒரு பாதுகாப்பான தனிவழி, அமைக்க வேண்டும். அதற்கே ஒரு சனிக்கிழமை போய்விடும். திருடன் கேமராவைத் தூக்கினால் பதிவும் அதோடு போச்சு.

பெட்டியில் இணையப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 2020 அக்டோபரில் வந்த திட்டம், நான்கு நிலைகள். அதே மாதம்தான் இங்குள்ள வீட்டுக் கேமராக்களில் திருடிய காட்சிகள் ஆபாசத் தளங்களில் வந்த செய்தி வெளியானது. முத்திரை, பூட்டு எவ்வளவு உறுதி என்றுதான் சொல்லும். சாவி வைத்திருக்கும் நிறுவனம் உள்ளே என்ன செய்கிறது என்பது வேறு கதை.

வாசலுக்கு மட்டும் என்றால் நானும் 28 வெள்ளிக்காரனைத்தான் வாங்குவேன். 2023 மே முதல், வீட்டுக்குள் இருந்து தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதி வேண்டாம். அண்டை வீட்டுக் கதவு, ஜன்னல் பக்கம் திருப்பக் கூடாது, அவ்வளவுதான்.

கூடம் அப்படியில்லை. பணிப்பெண்ணிடம் கேமரா பற்றிச் சொல்லியாக வேண்டும், அவர் தூங்கும், உடை மாற்றும் இடங்களில் வைக்கக் கூடாது என்பது மனிதவள அமைச்சின் விதி. எங்கள் வீட்டில் இருப்பவர் திருவாரூர்ப் பக்கம். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றே ஒன்று கேட்டார்:

"அண்ணே, நான் ஊருக்குப் பேசுறதும் இதுல விழுமா?"

மலிவானதை வாங்கினால் 47 வெள்ளி மிச்சம் எனக்கு; சர்வருக்குப் போகிற பேச்சு அவருடையது. அந்தச் சனிக்கிழமை முழுக்க ரூட்டரோடு மல்லுக்கட்டினேன். மைக்கை அணைத்து, அணைந்திருப்பதை அவரிடம் திரையில் காட்டிவிட்டுத்தான் கேமராவை அலமாரி மேல் ஏற்றினேன்.