முற்றல் வெண்டைக்காயும் ஒன்பது மாதக் காய்கறிப் பையும்

கொருக்குப்பேட்டைத் தோழி நேற்று போனில் கேட்டாள்: "உங்க தெரு காய்கறிக் கூட்டுறவில் நானும் சேரட்டுமா?" போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் நாங்கள் நாற்பது வீடு. சேரும்போது 500 ரூபாய் பங்கு, அப்புறம் வாரம் 250. பொன்னேரிப் பக்கத்து விவசாயிகள் சிலரிடமிருந்து சனிக்கிழமை காலை குட்டியானையில் பை வந்து இறங்கும். வருவதுதான் காய், பொறுக்கி எடுக்க முடியாது. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது, அரசின் பண்ணை பசுமைக் கடையில் 60 ரூபாய் தக்காளிக்கு வரிசையில் நின்றவள் நான். காய்க்காக மாதச் செலவு எகிறுவதைப் பார்த்துப் பயந்துதான் இதில் சேர்ந்தேன்.

கீரையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். விடியற்காலை பறித்தது, வேரில் மண் ஈரம் காயாமல் வரும். முளைக்கீரையைக் கடைந்தால் நாரே தட்டுவதில்லை. முருங்கைக்கீரையை மட்டும் அன்றைக்கே உருவிவிட வேண்டும், மறுநாள் இலை பழுத்து உதிர்ந்துவிடும். முன்பு வாரம் ஒரு நாள் கீரை, இப்போது மூன்று நாள். கொத்தவால் சாவடியில் காய் வாங்கிப் பழகிய என் மாமியார், 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபின் இப்படிக் கீரை பார்க்கவில்லை என்கிறார். பொன்னேரி நமக்குக் கும்மிடிப்பூண்டி ரயிலில் நேர் வழி. கோயம்பேடு போய்த் திரும்பும் கட்டுக்கு வாட்டம் இருக்கத்தானே செய்யும்?

காசுக் கணக்கு: முன்பு வாரம் 400 ஆகும். இப்போது பைக்கு 250, வெங்காயம் தக்காளி உருளைக்கு வெளியே 120. மிச்சம் முப்பதுதான், ஆனால் வீட்டில் சாப்பிடும் காய் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி, வெண்டைக்காய்க்கு வருகிறேன். போன சனிக்கிழமை அரை கிலோவில் 22 காய். ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்தேன். படக்கென்று ஒடிந்தவை ஒன்பது. மீதிப் பதின்மூன்றும் வளைந்துகொடுத்தன. கத்தி வைத்தால் நார் இழுக்கிறது, உள்ளே விதை மிளகு மாதிரி உருண்டு நிற்கிறது. வதக்க வதக்க வேகவே இல்லை. இது ஒரு வாரக் கதை அல்ல, சீசன் முழுக்க இப்படித்தான். கணக்குப் பார்க்கும் தம்பியிடம் சொன்னால், "எல்லாருக்கும் அப்படித்தான்க்கா வந்திருக்கு" என்கிறார். எல்லாருக்கும் முற்றல் வந்தால் அது சரியாகிவிடுமா?

வண்டியோடு வந்த விவசாயியிடமே கேட்டேன். "வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும்மா. வண்டி வாரத்துக்கு ஒண்ணுதானே வருது" என்றார். நடுவில் கொஞ்சம் பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் கூலிக்கே சரியாகிவிடுமாம், அதனால் செடியிலேயே விட்டுவிடுகிறாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பறங்கி, சுரை, சேனை எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். வெண்டைக்காய் பொறுக்காது, நம் சனிக்கிழமைக்காகப் பிஞ்சாகவே காத்திருக்காது.

கூட்டத்தில் இரண்டு வழி சொன்னேன். புதன்கிழமையும் ஒரு வண்டி விடலாம், இல்லையென்றால் பையில் வெண்டையை நிறுத்தலாம். வண்டிக்கு வீட்டுக்கு 40 ரூபாய் கூடும் என்று முதலாவதைத் தள்ளிவிட்டார்கள். நிறுத்தினால் செடி வைத்தவர் நஷ்டப்படுவார் என்று இரண்டாவதும் போனது. அந்த இரண்டாவதை என்னாலும் மறுக்க முடியவில்லை. ஆனால் பாதி குப்பைக்கூடைக்குப் போகும் காயை எத்தனை வாரம் வாங்குவது? நாற்பது ரூபாய்க்கு இவ்வளவு யோசிப்பவர்கள், தூக்கிப் போடும் காயும் காசுதான் என்று ஏன் பார்ப்பதில்லை?

தோழிக்குச் சொல்வது: சேர்ந்துவிடு, கீரைக்காகவே சேரலாம். நான் இந்த மாதம் பணம் கட்டவில்லை. சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய், என் கையால் ஒடித்துப் பார்த்து அரை கிலோ பிஞ்சு வெண்டை வாங்கப் போகிறேன். புதன்கிழமை வண்டி வருகிறது என்று யாராவது சொன்னால், அன்றைக்கே 250-ஐ எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன்.