ஆந்தையா, அரச முகமா: கிரேக்கக் காசும் ரோமானியக் காசும்

பழங்காசு சேர்க்கும் ஆசை வந்து, இந்திய மன்னர்களைத் தாண்டி மேற்கே எட்டிப் பார்ப்பவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் இதுதான்: கிரேக்கமா, ரோமா? இரண்டையும் சேர்க்கலாமே என்று சொல்லிவிடலாம். ஆனால் பணமும் நேரமும் அளவாக இருப்பவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாழ்நாளில் ஒரே ஒரு காசுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கிரேக்கம். வரிசையாகச் சேர்த்து, ஒவ்வொன்றையும் படித்து அடையாளம் கண்டு, பூதக்கண்ணாடியோடு நள்ளிரவு வரை உட்காரும் ஆள் என்றால் ரோம்.

ஏதென்ஸின் ஆந்தைக் காசை எடுத்துக்கொள்வோம். நான்கு திராக்மா (கிரேக்கர்களின் பண அலகு) மதிப்புள்ள வெள்ளிக் காசு, எடை சுமார் 17.2 கிராம். அகலத்தில் நம் இரண்டு ரூபாய்க் காசை ஒட்டித்தான் வரும். தடிமனோ பல மடங்கு. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவி. மறுபக்கம் ஆந்தை, அதன் தோளுக்கு மேல் ஒலிவக் கொத்து, சின்னப் பிறை, ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்து. அவ்வளவுதான் விஷயம். ஆனால் புடைப்பு எவ்வளவு ஆழம் என்றால், விளக்கைச் சற்றே நகர்த்தினால் அதீனாவின் கன்னத்தில் நிழல் விழும். படத்தில் பார்த்துவிட்டு நேரில் பார்ப்பவர்கள் வாயடைத்துப் போவது இந்த இடத்தில்தான். இன்றைய கிரேக்க நாட்டின் ஒரு யூரோ காசிலும் இதே ஆந்தைதான் உட்கார்ந்திருக்கிறது.

அந்த அதீனாவிடம் ஒரு விநோதம் உண்டு. முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் மட்டும் நேராகப் பார்ப்பதுபோல் முழுசாக இருக்கும். அது பழைய பாணி. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் சிற்பிகள் பார்த்தினான் கோயிலையே செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணை ஒழுங்காகப் போடத் தெரியாதவர்கள் அல்ல. லாரியம் சுரங்கத்து வெள்ளியில் அடித்த இந்தக் காசு எகிப்து வரை, கிழக்கு மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் வரை செல்லுபடியானது. உருவத்தை மாற்றினால் வெளியூர் வியாபாரி சந்தேகப்படுவான். அதனால் தலைமுறை தலைமுறையாக அதே கண்.

மற்ற நகரங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொரிந்துக்குப் பறக்கும் குதிரை, எஜினா தீவுக்கு ஆமை (முதலில் கடலாமை, பிறகு நில ஆமை), எபேசுவுக்குத் தேனீ, மெட்டபோன்டம் நகருக்கு வாற்கோதுமைக் கதிர். ஒவ்வொரு ஊரும் தன் சின்னத்தைத் தானே வைத்துக்கொண்டது. உச்சம் என்று எல்லாரும் கைகாட்டுவது சிசிலியின் சிராகுஸ் நகரத்தை. அங்கே கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடித்த பத்து திராக்மா காசு ஏறக்குறைய 43 கிராம். அரெத்தூசா என்ற நீர்த்தேவதையின் தலையைச் சுற்றி நான்கு டால்பின்கள், மறுபக்கம் பாய்ந்தோடும் நான்கு குதிரைத் தேர். அச்சு வெட்டிய கலைஞர்கள் கிமோனும் யூஐனெட்டோஸும் தங்கள் பெயரையே அதில் பொறித்திருக்கிறார்கள். ஓவியர் படத்தில் கையெழுத்துப் போடுவதுபோல, காசில்! ரோம் தன் வரலாறு முழுக்க இப்படி ஒரு கலைஞனின் பெயரைப் பெருமையாகக் காட்டியதில்லை.

அழகில் கிரேக்கம் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. பிரச்சினை அடுத்த கேள்வியில் வருகிறது: இந்தக் காசு எப்போது அடித்தது? பெரும்பாலான ஆந்தைகளுக்கு "கி.மு. 454 முதல் 404 வரை" என்றுதான் சீட்டு எழுதியிருப்பார்கள். ஐம்பது வருஷம்! மகா அலெக்சாந்தரின் காசைப் பாருங்கள். முகப்பில் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ், பின்புறம் கழுகோடு அமர்ந்த ஜீயஸ். மாசிடோனியா முதல் பாபிலோன் வரை எத்தனையோ அக்கசாலைகளில் (காசு அடிக்கும் கூடங்களில்), அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தும் இதே உருவத்தை அடித்தார்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க ஜீயஸின் நாற்காலிக்குக் கீழே உள்ள குட்டிக் குறிகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். அது சிலருக்குச் சுகம். புதிதாக வருபவருக்குத் தலைவலி.

ரோமானியக் காசு நேர் எதிர். அது வாயை மூடுவதே இல்லை. விளிம்பைச் சுற்றிப் பேரரசரின் பெயர், பட்டங்கள், வகித்த பதவிகள் எல்லாம் சுருக்கெழுத்தில் இருக்கும். அதில் 'டிஆர் பி' என்று ஒன்று வரும். நம் டிவி சேனல் சண்டை இல்லை. மக்கள் சார்பான ஓர் அதிகாரம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்தால் காசின் வயது வந்துவிடும். பேரரசர் கராகல்லாவின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசில் 'டிஆர் பி' 18, 'காஸ்' (கான்சல் பதவி) 4 என்று ரோமன் எண்ணில் இருந்தால் அது கி.பி. 215. லத்தீன் தெரிய வேண்டியதில்லை. இருபது முப்பது சுருக்கங்களை மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் படிக்க ஆரம்பித்துவிடலாம். அமெரிக்க நாணயவியல் கழகம் பேரரசுக் காலக் காசுகளின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. எழுத்தைத் தட்டினால் காசு வந்து நிற்கும்.

முகங்கள் இன்னொரு கதை. செவ்வியல் காலக் கிரேக்க நகரங்கள் உயிரோடிருக்கும் மனிதரைக் காசில் போடவில்லை, தெய்வம்தான். அலெக்சாந்தருக்குப் பின் வந்த அரசர்கள்தான் அந்த வழக்கத்தை உடைத்தார்கள். ரோமில் ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் தன் முகத்தைப் போட்டார், அதே வருஷம் கொலையுண்டார். அதற்குப் பின் வந்தவர்கள் யாரும் முகத்தை எடுக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அந்த முகங்கள் அழகுபடுத்தியவை அல்ல. நீரோவின் காசுகளை வரிசையாக வைத்தால் பையன் வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டே போவது தெரியும். வெஸ்பாசியன் வழுக்கையும் சுருக்கமுமாக, ரிட்டயர் ஆன தாசில்தார் மாதிரி இருப்பார். கராகல்லாவைச் சுமார் கி.பி. 196இல் கொழுகொழு சிறுவனாகப் பார்க்கலாம். தனியாட்சிக்கு வந்த 211க்குப் பின் தாடியும் நெரித்த புருவமுமாகப் பார்க்கலாம். ஒரு மனிதன் கெட்டுப்போவதை வெள்ளியில் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடையாது. இத்தனைக்கும் அவை விலை உயர்ந்த காசுகளும் இல்லை.

ரோமானியக் காசில் நம்பக் கூடாதது பின்புறம்தான். அது அரசு விளம்பரம். கராகல்லாவின் மனைவி பிளாட்டில்லாவின் தினாரியஸ் ஒன்றில் கணவனும் மனைவியும் கைகோத்து நிற்பார்கள், பேரரசின் வாரிசு பெருகட்டும் என்ற பொருளில் வாசகம். உண்மையில் அவனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. 205இல் நாடு கடத்தினான், பிறகு கொல்லச் சொன்னான். தம்பி கெட்டாவையும் விடவில்லை. கெட்டாவின் கொலைக்குப் பிறகு பெர்கமோன், ஸ்ட்ராட்டோனிக்கேயா போன்ற ஆசியா மைனர் நகரங்களின் வெண்கலக் காசுகளில் அவன் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்தார்கள். அண்ணன் பக்கத்தில் வழவழப்பாக ஒரு வெற்றிடம். எனக்குச் சிராகுஸின் தேரைவிட இந்தச் சுரண்டிய காசு அதிகம் பேசுகிறது, இது ரசனை விஷயம்.

வெட்டும் சுரண்டலும் என்று பேச்சு வந்துவிட்டதால், நம் பக்கத்து விஷயம் ஒன்று. ஆந்தைக் காசுகள் பலவற்றில் ஆழமான உளிவெட்டு இருக்கும். உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்திய போலிகள் அந்தக் காலத்திலேயே இருந்தன. வெட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள், அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மீதே வெட்டு. இது உலோகச் சோதனை அல்ல. சோதனைக்கு வெட்டுபவன் முகத்தைத் தேடிப் பிடித்து வெட்ட மாட்டான். இனி இவை காசாகப் புழங்கக் கூடாது, வெறும் பொன்தான் என்று அடையாளம் போட்டார்கள் என்பது ஒரு கருத்து. சேகரிப்பாளர் பார்வையில், வெட்டுள்ள ஆந்தை விலை குறைவு, அசலாக இருக்கும் நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். கையில் பணம் குறைவாக இருந்தால் தயங்காமல் வெட்டுள்ளதையே வாங்கலாம்.

வெள்ளியின் தரத்தில் ரோம் தோற்கிறது. ஆந்தை ஏறக்குறைய சுத்த வெள்ளி. தினாரியஸ் அகஸ்டஸ் காலத்தில் நல்ல வெள்ளிதான். கி.பி. 64இல் நீரோ எடையையும் குறைத்தார், கலப்பையும் ஏற்றினார். கராகல்லாவின் தந்தை செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் பாதிக்குப் பாதி. 260களில் 'வெள்ளிக்காசு' என்பது மேலே வெள்ளி பூசிய செம்பு. தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் தினாரியஸ்களே குவிந்து கிடப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இங்கே உலோகத்தைத்தான் வாங்கினார்கள், பேரரசரை அல்ல. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் கிடைக்கும் பிற்காலச் செப்புக் காசுகள் வேறு ரகம்: 4, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, சுண்டுவிரல் நகம் அளவு, தேய்ந்து தேய்ந்து உருவமே மங்கியவை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைப் பொறுமையாகச் சேர்த்து ஆராய்ந்திராவிட்டால் பாதி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

விலை. வெளிநாட்டு ஏலங்களில் சுமாரான ஆந்தைக்கே சில நூறு டாலர் வேண்டும், நல்லது ஆயிரத்தைத் தாண்டும். அண்மைக் காலத்தில் ஆந்தைகள் நிறையச் சந்தைக்கு வந்தும் இந்த நிலைமைதான். அலெக்சாந்தரின் ஒற்றைத் திராக்மா, 4.3 கிராம், ஓரளவு கைக்கு எட்டும். ரோமில் செவரஸ் குடும்பத்துத் தினாரியஸ் நூறு டாலர் சுற்றில் கிடைக்கும். கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலம், இரண்டு சிப்பாய்கள் கொடியோடு நிற்பது, ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டையர், இவை இருபது முப்பது டாலர். மிருகங்கள் பிடிக்குமென்றால் காலியெனஸ் பேரரசர் 267, 268 வாக்கில் அடித்த விலங்கு வரிசை இருக்கிறது: மான், சிறுத்தை, பறக்கும் குதிரை, பாதி மனிதன் பாதிக் குதிரை. கலை என்று பார்த்தால் சுமார்தான், சில விலங்குகளை அடையாளம் காணவே பட்டிமன்றம் வைக்க வேண்டும். ஆனால் ஒரு வரிசையை முழுசாக முடிக்கும் திருப்தி ரோமில்தான் சாமானியனுக்குக் கிடைக்கும்.

போலி இரண்டிலும் உண்டு. கிரேக்கத்தில் ஆபத்து அதிகம், காரணம் விலை அதிகம். விளிம்பில் ஓடும் வார்ப்புக் கோடு, மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள், சோப்பு தேய்ந்ததுபோல் மழுங்கிய எழுத்து, இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். சுற்றுலாத் தலத்தில் ஒருவர் மடியிலிருந்து எடுத்து "வயல்ல கிடைச்சது சார்" என்று நீட்டினால் நடையைக் கட்டுங்கள். அது போலியாக இருந்தால் பணம் போகும். அசலாக இருந்தால் அதைவிட வம்பு: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.

வெளிநாட்டில் வாங்கினாலும் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சரித்திரம் முக்கியம். சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட காசில் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலைத் தொப்பி. அதன் பொற்காசு ஒன்று 2020இல் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. பூர்வீகம் பொய் என்று தெரிந்து 2023இல் அமெரிக்க அதிகாரிகள் அதைக் கிரேக்க நாட்டிடம் ஒப்படைத்தார்கள். முப்பது டாலர் வெண்கலத்துக்கு யாரும் துரத்தி வரப்போவதில்லை என்றாலும், பழைய ஏல ரசீது உள்ள காசுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நல்லது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ரோமானியப் பேரரசர்கள் பெயரில் அடித்த மட்ட வெள்ளிக் காசுகள்: முகம் ரோம், எழுத்து கிரேக்கம், பின்புறம் நைல் நதித் தெய்வமும் செராப்பிஸ் என்ற கடவுளும், கூடவே ஆட்சியாண்டு எண். விலை மலிவு, வயது துல்லியம். இந்தியாவில் இருந்துகொண்டு கிரேக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்தோ-கிரேக்க அரசர்கள். மினாந்தரின் திராக்மா இரண்டரை கிராமுக்குள் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்து. அப்பலோடோட்டஸின் சதுரக் காசில் ஒரு புறம் யானை, மறுபுறம் திமில் காளை. எச்சரிக்கை ஒன்று: ஆப்கானிஸ்தானின் மீர் சகாவில் 1990களில் தோண்டிய லட்சக்கணக்கான காசுகள் பெஷாவர் கடைத்தெரு வழியாக உலகம் முழுக்கச் சிதறின. அதனால் இந்த வகையில் ரசீது கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.